இசக்கியின் கிளி

ஒரு கிளி. சொந்த வீட்டில் கூப்பிட்டால் பறந்து வருகிறது. அடுத்த வீட்டில், அதே குரலில் கூப்பிட்டால் வரவில்லை. ஏன்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இசக்கியம்மாள், கணினியில் பெருக்கல் வாய்ப்பாட்டு விளையாட்டு ஒன்று செய்திருந்தாள். விடை சரியாக இருந்தால் திரையில் கிளி பறக்கும். நாளை அவள் தம்பியின் பள்ளியில் ஆண்டு விழா; அங்கே இந்த விளையாட்டைக் காட்டுவதாக ஏற்பாடு. தம்பி வகுப்பு முழுக்கக் கிளியைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தான்.

அவள் வீட்டுக் கணினி இயங்குவது விண்டோஸ் என்னும் இயங்குதளத்தில். தம்பி பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளம். இன்று அங்கே போட்டுப் பார்த்தாள். கணக்கு வந்தது. கிளி வரவில்லை.

நேரே ஜெபமணி டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"டீச்சர், லினக்ஸ் சரியில்ல. அழிச்சிட்டு விண்டோஸ் போட்டிரட்டுமா? தம்பி ஸ்கூல் பெரிய டீச்சர் சரின்னுட்டாங்க. ரெண்டுல எது டீச்சர் நல்லது?"

"உங்க வீட்ல உப்பு எங்கட்டி இருக்கும்?"

"உப்பா? அடுப்புக்கு இடது பக்கம், ரெண்டாவது தட்டு, முதல் டப்பா."

"பக்கத்துல நூர்ஜகான் அக்கா வீட்டுக்குப் போ. இப்ப சொன்ன இடத்துல இருந்து ஒரு சிட்டிகை எடுத்துட்டு வா. யார்ட்டயும் எதுவும் கேக்காத."

இசக்கி போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையை விரித்தாள். வெந்தயம்.

"அந்த அக்கா விழுந்து விழுந்து சிரிக்காங்க டீச்சர். 'கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனே, கிறுக்கச்சி'ங்காங்க."

"அந்த வீட்ல உப்பே கிடையாதோ?"

"இருக்கு. வேற தட்டுல."

"சரி. கிளிப் படத்தை எங்க இருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்க?"

"டி டிரைவ்ல, இசக்கின்னு ஒரு ஃபோல்டர்..."

பள்ளிக் கணினியில் டி டிரைவ் என்று ஒன்று கிடையாது; படம் அங்கே வேறு இடத்தில் இருந்தது.

ஜெபமணி டீச்சர் தன்னிடம் இருந்த விண்டோஸ் பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைப் போட்டா கிளி நாளைக்கு வந்துரும். அந்த ஸ்கூல் பிள்ளைக கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வச்சிருக்கிறது எல்லாம் போயிரும். உன் நிரலை மாத்தினா, ராத்திரி தூக்கம் போயிரும். உன் இஷ்டம்."

இசக்கி கையிலிருந்த வெந்தயத்தை நூர்ஜகான் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு வீட்டுக்குப் போய், படம் எங்கே இருக்கிறது என்று அந்தந்தக் கணினியையே கேட்கும்படி நிரலை மாற்றி எழுத உட்கார்ந்தாள். பென் டிரைவ் டீச்சர் வீட்டு மேசைமேலேயே இருந்தது.