மருதாயி கடித்த பாதி மரம்

குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பெயர் வேலாயி. அவளுடைய வளைக்கு முன்னால் சின்னதாக ஒரு தோட்டம். ஓரத்தில் கோரைக்கிழங்கு, இரண்டு வரிசை சேம்பு. நடுவில் ஓர் இலந்தை மரம்.

காட்டில் இலந்தைக்குப் பஞ்சமில்லை. புதருக்குப் புதர் காய்க்கும். ஆனால் அதெல்லாம் மிளகு அளவுக் காய், புளிப்பும் கொட்டையும்தான். வேலாயி வீட்டு இலந்தை வேறு ரகம். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் சடையன் மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு பழம் தின்றிருக்கிறான். அந்த ருசி அவனை விடவில்லை. கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூன்று நாள் நடந்தே வந்தான். வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் "ம்" என்பதோடு சரி. "உன் புருஷன் ஊமையா?" என்று முயல்கள் வேலாயியிடம் துக்கம் விசாரிக்க வந்துவிட்டன.

அந்தக் கொட்டை முளைத்து, மூன்றாம் வருஷம் காய்த்தது. ஒவ்வொரு பழமும் காடை முட்டை அளவு. தை பிறந்து, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் தவிட்டு நிறமாகும்போது வாசனை குளத்தைத் தாண்டிப் போகும். அந்த வாசனைதான் அழைப்பு. முயல்கள் வரும், காட்டுக்கோழி குஞ்சு குட்டியோடு வரும், கடமான்கள் வரும். முந்தின நாளே புறப்பட்ட ஆமை எல்லோரும் தின்று முடிக்கும் நேரத்தில் வந்து சேரும். அதற்கென்று சடையன் ஒரு குவியலை இலை போட்டு மூடி வைத்திருப்பான். தின்றது போக மிச்சத்தை வேலாயி பாறையில் போட்டு நசுக்கி, உவர்மண் ஒரு சிட்டிகை சேர்த்து, அடையாகத் தட்டிக் காயவைப்பாள். யார் கொட்டையை அதிக தூரம் துப்புவது என்று குட்டிகளுக்குள் போட்டி நடக்கும். அந்தக் கூச்சலில் குளத்துத் தவளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும்.

அதெல்லாம் ஒரு காலம். ஓர் ஐப்பசி அடைமழையில் சடையன் குளிர்காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் மலை தாண்டிப் போய் ஆளுக்கொரு வளை தோண்டிக்கொண்டார்கள். வேலாயியும் மரமும்தான் மிச்சம்.

ஆனால் மரமும் பழைய மரமாக இல்லை. வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போனது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி உள்ளே வெயிலே விழவில்லை. பழம் உச்சியில் மட்டும் காய்த்தது. முள்ளம்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாது. கீழே உதிர்வதை உடைத்தால் உள்ளே புழு நெளியும். வேலாயி அதையும் முகர்ந்து பார்ப்பாள். வாசனையில் எங்கோ ஓர் ஓரத்தில் அந்தப் பழைய தை மாதம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு புழுப்பழத்தை எறிந்துவிட்டு வளைக்குள் போவாள்.

உச்சியில் ஒரு மைனா குடும்பம் கூடு கட்டியிருந்தது. குடும்பத் தலைவன் மூக்கையன். நல்ல பழமெல்லாம் அவன் வீட்டுக்குத்தான். வேலாயி கீழே நின்று கேட்டால், பாதி கொத்திய பழம் ஒன்றைப் போடுவான். அவளும் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள்.

ஒரு நாள் முயல் ஒன்று அந்த வழியாகப் போனது. மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இத்தனை கிளையும் எதற்கு, கொஞ்சம் கழித்துவிட்டால் மரம் மூச்சுவிடுமே என்று சொல்லிவிட்டுப் போனது. வேலாயிக்கு அந்தப் பேச்சு மனதில் தைத்தது. மூக்கையனிடம் கேட்டாள்.

மூக்கையன் பதறிப்போய்க் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். கிளை கழிந்தால் கூடு போகும். பழம் தாழ்ந்தால் பங்குக்கு ஊரே வரும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை அவன் சொல்லவில்லை.

"அக்கா, இது சடையன் அண்ணன் கைபட்ட மரம். இதில் ஒரு சுள்ளியை ஒடித்தாலும் அவர் விரலை ஒடித்த மாதிரி. பழம் வரும் போகும். நினைப்பு போனால் வருமா?" என்றான்.

வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மனதில் இருந்ததை அப்படியே சொன்ன மூக்கையனைப்போல ஒரு நல்லவன் உண்டா என்று நினைத்தாள். அன்றே முள்செடிகளை இழுத்து வந்து மரத்தைச் சுற்றி வேலி போட்டாள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரக்கூடாது என்றாகிவிட்டது. முயல்கள் வேறு பாதையில் போகத் தொடங்கின. ஆமை ஒரு தடவை வந்து, வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வந்ததைப் போலவே போகவும் அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே புல் கருகியது. சித்திரையில் குளம் சேறாகச் சுருங்கியது. காட்டில் பச்சை என்று சொல்ல வேலாயியின் இலந்தை ஒன்றுதான் நின்றது. குளத்தங்கரை ஈரத்தில் அதன் வேர் எங்கோ ஆழத்தில் ஊன்றியிருந்தது.

ஒரு காலையில் மருதாயி என்ற கடமான் வேலி ஓரம் வந்து நின்றாள். அவளுக்கு விலா எலும்பு தெரிந்தது. பின்னால் ஒரு கன்று. அது நின்றுகொண்டே தள்ளாடியது. முன்பெல்லாம் தை மாதத்தில் இங்கே வந்த கடமான் ஒருத்தியின் மகள்தான் இந்த மருதாயி.

"சின்னம்மா, எனக்குப் பால் வற்றிப்போச்சு. நாலு கிளை இலை கொடுத்தால் பால் ஊறும். நீங்களே ஒதுக்கிக் கொடுத்தாலும் போதும்" என்றாள்.

வேலாயி கன்றைப் பார்த்தாள். மனம் இளகத்தான் செய்தது. ஆனால் மரத்தைப் பார்த்ததும் சடையனின் நினைப்பு வந்து நடுவில் நின்றுகொண்டது. இது சாதாரண மரம் இல்லை, இதில் கைவைக்க எனக்கே மனம் வராது என்று சொல்லி, ஆற்றுப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னாள். ஆற்றில் ஒன்றும் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். மருதாயி கன்றை முகத்தால் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

மூன்றாம் நாள் வேலாயி கிழங்கு தோண்ட மேட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வேலி சரிந்து கிடந்தது. மரத்தின் கிழக்குப் பாதி மொட்டையாக நின்றது. மருதாயி பின்னங்காலில் எழும்பிக் கிளைகளை வளைத்து, முறித்து, இலையைக் கன்றுக்கும் தனக்குமாகத் தின்றுகொண்டிருந்தாள். தடித்த கிளைகள்கூட இரண்டாகப் பிளந்து தொங்கின.

முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்க, வேலாயி திரும்பிப் பின்புறமாகப் பாய்ந்தாள். மருதாயி கன்றை முன்னால் தள்ளிவிட்டுத் தான் குறுக்கே நின்றாள். மூன்று முள் அவள் தொடையில் ஏறியது. அலறிக்கொண்டு இரண்டும் ஓடின. மருதாயி மூன்று காலில்தான் ஓடினாள்.

அன்று முழுக்க வேலாயி முறிந்த கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சடையன் இரண்டாம் தடவை செத்துப்போன மாதிரி இருந்தது. மூக்கையன் வந்து, நன்றி கெட்ட சாதி என்று மான்களைத் திட்டினான். அவன் கூடு மேற்குப் பாதியில் இருந்ததால் அதற்கு ஆபத்தில்லை.

ஆடியில் மழை வந்தது. மொட்டையான கிழக்குப் பாதியில் புதுத் துளிர் விட்டது. வேலாயி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும் என்று மேற்குப் பக்கமாகவே வளைக்குப் போய் வந்தாள். துளிர் விரல் தடிமனுக்குக் கொம்பாகி, புரட்டாசியில் கொத்துக் கொத்தாகப் பூத்ததும் அவளுக்குத் தெரியாது.

தை மாதம் ஒரு காலை, வளைக்குள் படுத்திருந்தவளை ஒரு வாசனை எழுப்பியது. கனவு என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து வெளியே வந்தாள். வாசனை கிழக்குப் பக்கத்திலிருந்து வந்தது. எத்தனையோ மாதம் கழித்து அந்தப் பக்கம் திரும்பினாள்.

புதுக்கிளைகள் பாரம் தாங்காமல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பழம் ஒவ்வொன்றும் காடை முட்டை அளவு. மேற்குப் பாதியில் வழக்கம்போல உச்சியில் பத்துப் பதினைந்து சோப்ளாங்கிக் காய்.

வேலாயி ஒரு பழத்தை எட்டிக் கடித்தாள். முதலில் இலேசான புளிப்பு, பிறகு மாவு மாதிரி கரையும் இனிப்பு, கடைசியில் தொண்டையில் நிற்கும் அந்த வாசனை. கொட்டையைத் துப்ப மறந்து வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நாக்கு எத்தனை வருஷமாகத் தேடிய ருசி அது.

மூக்கையன் பறந்து வந்தான். "அக்கா, அதைத் தின்னாதீர்கள். மான் எச்சில் பட்ட கிளை. விஷமாக இருக்கும்" என்றான். சொல்லும்போதே அவன் கண் பழத்தின் மேல்தான் இருந்தது. வேலாயி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். சேம்பு இலை ஒன்றில் பழங்களைக் கட்டிக்கொண்டு, காம்பை வாயில் கவ்வியபடி மலைச்சரிவுக்கு நடந்தாள்.

மருதாயி ஒரு பாறை மறைவில் இருந்தாள். கன்று வளர்ந்து பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. வேலாயியைக் கண்டதும் மருதாயி எழுந்தாள். ஒரு கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. ஓடுவதா நிற்பதா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. வேலாயி தூரத்திலேயே நின்று முள்ளையெல்லாம் படிய வைத்துக்கொண்டாள். இலையைப் பிரித்து வைத்தாள்.

"நீ கடித்த பாதிதான் காய்த்திருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும் சின்னம்மா. பசி ஒன்றுதான் தெரியும்" என்றாள் மருதாயி. சற்றுப் பொறுத்து, "ஆனால் நான் கன்றாக இருந்தபோது சித்திரை வந்தால் எங்கள் அம்மா என்னை உங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவருவாள். சடையன் சித்தப்பா கிளைகளைக் கடித்துக் கடித்து எங்கள் முன்னால் போடுவார். அதைத் தின்றுதான் நான் கோடையைத் தாண்டினேன். அந்த நம்பிக்கையில்தான் போன சித்திரையிலும் வந்தேன்" என்றாள்.

வேலாயிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சித்திரை சித்திரைக்கு அவன் மரத்தைக் கடித்தது உண்மை. அந்த நாட்களில் அவள் குட்டிகளோடு வளைக்குள் கிடப்பாள். உள்ளே இருந்தபடியே அவனைத் திட்டியிருக்கிறாள். "பல் தினவுக்கு என் மரம்தானா கிடைத்தது?" என்று கத்தியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே கடிப்பான். மரம் தாழ்வாகவே நின்றதும், வருஷா வருஷம் புதுக்கொம்பு விட்டுக் காய்த்ததும் அதனால்தான். தையில் வந்த விருந்தையெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தவள், சித்திரையில் அவன் செய்த வேலையை மறந்துவிட்டாள். அவன் பெயரைச் சொல்லி, அவன் கொடுத்ததையே கொடுக்க மாட்டேன் என்று ஒரு கன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"திரும்பி நில்லு" என்றாள் வேலாயி.

மருதாயி தயங்கித் தயங்கித் திரும்பினாள். தொடையில் முறிந்த முள்ளின் நுனி ஒன்று சதைக்குள் தங்கிப் புண்ணாகியிருந்தது. வேலாயி அதைப் பல்லால் கவ்வினாள். மருதாயி வலியில் நடுங்கினாள், ஆனால் உதறவில்லை. முள் வெளியே வந்தது. வேலாயி புண்ணை நக்கிச் சுத்தம் செய்தாள். மன்னித்துவிடு என்ற சொல்லை அவள் எத்தனை தரம் சொன்னாள் என்று இருவரும் எண்ணவில்லை. கன்று இதற்குள் இலையிலிருந்த பழத்தில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.

திரும்பி வந்ததும் வேலாயி முதல் வேலையாக வேலியை இழுத்துப் போட்டாள். அன்று மாலையே முயல்கள் வந்துவிட்டன.

அந்தச் சித்திரையில் மருதாயியும் கன்றும் வந்து மேற்குப் பாதியைத் தின்றார்கள். எட்டாத கிளைகளை மருதாயி வளைக்க, தடித்ததை வேலாயியே கடித்துத் தள்ளினாள். மூக்கையன் சுற்றிச் சுற்றிப் பறந்து, அண்ணன் ஆத்மா சாந்தியடையாது என்று கத்தினான். அவன் குஞ்சுகள் பறந்துபோய்க் கூடு காலியாகக் கிடந்த சமயம்தான் அது.

"அவர் என்ன செய்தாரோ அதைத்தான் நான் செய்கிறேன், தம்பி. தையில் நீயும் வா. ஆனால் கீழே இறங்கி வந்து எல்லோரோடும் தின்ன வேண்டும்" என்றாள் வேலாயி.

அந்தத் தையில் இரண்டு பாதியும் காய்த்துக் குலுங்கியது. முயல்கள் வந்தன, காட்டுக்கோழி வந்தது, மருதாயி நான்கு காலையும் ஊன்றி நடந்து வந்தாள். மூக்கையன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கீழ்க்கிளையில் வந்து உட்கார்ந்தான். வேலாயி அடை தட்டிக்கொண்டே சடையனைப் பற்றிப் பேசினாள். இந்தத் தடவை அவன் பழம் கொடுத்த கதையோடு, கிளை கடித்த கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

போனவர் விட்டுச் சென்றதைப் பூட்டி வைப்பவருக்கு நினைப்பு மட்டுமே மிஞ்சும். அவர் செய்ததைத் தானும் செய்து, அவர் கொடுத்ததைத் தானும் கொடுப்பவருக்கே மரம் மறுபடி காய்க்கும்.