அரசரின் கால்விரலில் கட்டிய நூல்

மணி ஒன்று அறுந்து அரசர் வல்லபதேவரின் தலைப்பாகை மேல் விழுந்தது. அடுத்த நொடி காவலர்கள் நாலாபக்கமிருந்தும் வேலோடு ஓடிவந்து அரசரையே சூழ்ந்துகொண்டார்கள்.

"அகப்பட்டானா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் சேனாபதி வெற்றிமாலை.

"அகப்பட்டவன் நான்தான்," என்றார் அரசர்.

மந்திரி தெய்வச்சிலை சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை ஆண்டவர் இந்த வல்லபதேவர். காலையில் ஒரு யானையைத் தானம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த யானை எங்கே என்று கோபித்துக்கொள்வார். அரசி செங்கமலம் இருந்தவரை அவள் ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடுவார். அவள் இறந்த அன்று அவளுடைய அறையைச் சாத்தச் சொன்னார். "உள்ளே கால் வைப்பவர் யாராயிருந்தாலும் கை இருக்காது" என்று பறையறைவித்தார். தாமும் உள்ளே போகவில்லை. தினமும் காலையில் சாளரம் வழியே பார்ப்பதோடு சரி. அப்படிப் பார்த்தபோது ஒருநாள் தலையணை நகர்ந்திருந்தது. இன்னொரு நாள் ஊஞ்சல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. ஆனால் யாரோ வந்துபோகிறார்கள்.

அரசியின் அண்ணன்தான் சேனாபதி. அவர் அரண்மனை முழுக்க மணி கட்டினார். காற்றடித்தால் மணி, பூனை குறுக்கே போனால் மணி. வந்துபோகிறவன் மட்டும் அகப்படவில்லை.

"நம் மந்திரியாரை அனுப்பிப் பார்க்கலாம்," என்றார் சேனாபதி சபையில். "திருடனிடம் உட்கார்ந்து நியாயம் பேசுவார். அவனும் அலுத்துப்போய்த் தானே சரணடைவான்."

சபை சிரித்தது. பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் சபைதான்.

தெய்வச்சிலை அன்று அரசியின் அறைப்பக்கம் போனார். கதவில் தொங்கிய மணியை விரலால் தட்டினார். சத்தம் வரவில்லை. உள்ளே அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது. குதிரைக்குச் சேணம் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. அந்த மணியைத் தம் கையாலேயே கட்டியதாகச் சேனாபதி சபையில் பெருமை பேசியிருந்தார்.

மந்திரி சற்று நேரம் அங்கேயே நின்றார். இந்த மணியைக் கழற்றிச் சபையில் வைத்தால் போதும், இத்தனை வருஷத்துக் கேலியும் தீர்ந்துவிடும். கூடவே ஒரு மனிதனின் கையும் போய்விடும். அவர் மணியை மெல்ல விட்டுவிட்டார்.

அரசரிடம் போய்ச் சொன்னார்: "அரசே, மணி அடித்தால் திருடனுக்கும் கேட்கும். அதுதான் அதில் குறை. சத்தமே போடாத பொறி ஒன்று வைக்கிறேன்."

"சத்தம் போடாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் கால்விரலைக் கொஞ்சம் கொடுங்கள்."

கதவுக்கு உட்புறம் கணுக்கால் உயரத்தில் ஒரு பட்டுநூல். அது சுவர்த் துளை வழியே வெளியேறி, தாழ்வாரத்து உத்திரத்தோடு போய், சிம்மாசனத்தின் அடியில் இறங்கி, அரசரின் பெருவிரலில் முடிந்தது. மத்தியானம் சபை கூடும்போதுதான் அந்தப்புரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. வருகிறவன் அப்போதுதான் வருவான் என்றார் மந்திரி.

"இழுத்தால் வாளோடு பாய்கிறேன்."

"வாள் உறையில் உரசும், அரசே. காவலர்களும் வேண்டாம். சத்தமில்லாத பொறி கடைசி வரை சத்தமில்லாமல்தான் இருக்கவேண்டும்."

பொங்கலுக்கு முந்தின நாள். சேனாபதியின் ஆசனம் காலியாக இருந்தது. யானைகளுக்கான தீவனம் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தபோது அரசர் வாயைத் திறந்து மூடினார். விரலிலிருந்து நூலை உருவிவிட்டு எழுந்தார். மந்திரி பின்னால் போனார்.

அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அரசர் அதையே பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரும் திருடனா?

உள்ளே சேனாபதி தரையில் உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் பலகையில் புதுப்பானை, இலையோடு மஞ்சள் கொத்து, கரும்பு.

"கோபித்துக்கொள்ளாதே, அம்மா," என்று ஊஞ்சலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் கரும்பு மெலிவுதான். மழை இல்லை. உன் அண்ணி சேலை எடுத்துத் தருகிறேன் என்றாள். யார் கட்டிக்கொள்வது என்று கேட்டேன். அழுதுவிட்டாள்."

"மச்சான்!" அரசர் உள்ளே பாய்ந்தார். "நானே வராத அறை இது!"

சேனாபதி எழுந்தார். வலது கையை நீட்டினார். பிறகு சொன்னார்: "பொங்கல் சீர் கொண்டுபோக எனக்கு வேறு வீடு இல்லை, அரசே. மற்ற நாட்களில் சும்மா வந்து உட்கார்ந்திருப்பேன்."

நிலைப்படியைத் தாண்டாமல் மந்திரி தொண்டையைச் செருமினார்.

"அரசே, ஒரு சந்தேகம். யாராயிருந்தாலும் என்றல்லவா பறையறைந்தோம்? இப்போது உள்ளே இரண்டு பேர் நிற்கிறீர்கள். யார் கையிலிருந்து ஆரம்பிப்பது?"

அரசர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். அரசியின் கம்பளத்தின் மேல் நின்றிருந்தார். தலையணையைப் பார்த்தார். மஞ்சள் இலையின் வாசனை அறை முழுக்க இருந்தது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவர் முதுகு மட்டும்தான் மந்திரிக்குத் தெரிந்தது.

"நாலு கையும் இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆணை ரத்து. கரும்பை முறியுங்கள், மச்சான். அவள் பங்கை யார் தின்பது?"

மறுநாள் சபையில் அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். விஷயம் புரியாத ஒரு பிரபு எழுந்து, "சேனாபதியாரின் மணிகளுக்குப் பயந்து திருடன் ஓடிவிட்டானாமே!" என்று புகழ்ந்தார்.

சேனாபதியின் முகம் சிவந்தது. "என் மணிகள் அரசரைத் தவிர யாரையும் பிடிக்கவில்லை," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆளைப் பிடித்தது மந்திரியாரின் நூல். அவரை நான் கேலி செய்ததெல்லாம் என் அறியாமை."

"ஆள் யார்?" என்று சபை கேட்டது.

"வீட்டு ஆள்தான்," என்றார் அரசர். "தீவன விஷயம் என்ன ஆயிற்று?"

பேச்சு யானைகளுக்குத் திரும்பியது. மேற்கு வெயில் மந்திரியின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. வைக்கோல் கணக்கைச் சொல்லிக்கொண்டே சேனாபதி கையை நீட்டித் திரையை இழுத்துவிட்டார்.