கம்ப்யூட்டருக்கு நேரம் குறித்த நெட்டக்காட்டுப்புதூர்

நெட்டக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு அறிவு கம்மி என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டம் போட்டு, அதையே ஏகமனதாகத் தீர்மானமாக நிறைவேற்றி, உங்களுக்கு ஒரு நகலும் தபாலில் அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஊர் பால் சங்கத்துக்கு நாச்சிமுத்துதான் செயலாளர். சங்கத்து ஆபீசில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. சுற்றிலும் பால் ஊற்றுகிற ஆறு இடத்தில் ஆறு சின்னக் கம்ப்யூட்டர். எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு புதன்கிழமை காலையில் மாவட்டப் பால் ஒன்றியத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

'உங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பது பழைய சரக்கு. அதில் இருக்கும் ஓட்டை வழியாகத் திருடர்கள் உள்ளே வருகிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஆறையும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஞாயிறு காலை முதல் பால் லாரி உங்கள் ஊருக்கு வராது.'

நாச்சிமுத்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி பூங்கோதையிடம் காட்டினான். அவள் கைப்பிள்ளைக்கு இட்லி பிசைந்து ஊட்டிக்கொண்டே படித்தாள்.

"லாரி வரலைன்னா எண்ணூறு லிட்டர் பாலையும் நீங்களே குடிச்சு முடிச்சிருங்க, சாமி" என்றாள்.

ஒரு டம்ளர் பாலைக் குடித்தாலே நாச்சிமுத்துவுக்கு வயிறு பொருமும். எண்ணூறு லிட்டர் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னால் செய்ய வைத்துவிடுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும். அன்று அவன் சோறு தின்னவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமே.

மத்தியானமே ஒன்றியத்திலிருந்து இலக்கியா என்கிற இஞ்சினியர் அம்மிணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பெரிய கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிவிட்டு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு ஒரு பைசா வேண்டாங்க. ஓப்பன் சோர்ஸ். உலகம் பூரா நிறையப் பேர் சேர்ந்து எழுதினது. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா பார்க்கலாம், ஒளிவுமறைவே கிடையாது. இங்க இருந்தபடியே ஆறு கம்ப்யூட்டர்லயும் ஓட்டையை அடைச்சிரும். முதல்ல, கெட்டாலும் பரவாயில்லைங்கற ஒண்ணுல போட்டுப் பாருங்க. ஒரு நாள் பொறுத்து, ஒண்ணும் ஆகலைன்னா மத்ததுக்குப் போடுங்க. ஒண்ணுக்கு நாப்பது நிமிஷம் பிடிக்கும். ஒரு நிமிஷங்க..." என்று போனை எடுத்துக் காதில் வைத்தாள். பேசி முடித்துவிட்டு, "யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரமாப் பார்த்து இந்தப் பக்கத்துல குறிச்சிருங்க. அந்த நேரத்துல மட்டுந்தான் அது வேலை செய்யும்" என்றாள்.

நாச்சிமுத்து ஒன்றையும் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். நடுவில் ஒரு நிமிஷம் போன் பேச வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டான். அம்மிணி அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

உடனே சங்கம் கூடியது. தலைவர் குப்பண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். இயக்குநர் மாராத்தாள் பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். பால் பரிசோதகர் தங்கவேலு நின்றுகொண்டிருந்தான், உட்கார்ந்தால் தூங்கிவிடுவான்.

"காசு வாங்காமக் குடுக்கறாங்கன்னா அதுல என்னமோ இருக்குதப்பா" என்றார் குப்பண்ணன். "ஓனர் யாருன்னே தெரியாத எருமையைக் கொண்டாந்து கட்டுத்தறியில கட்டுவோமா?"

"யாரு வேணா உள்ள பார்க்கலாம்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க, தலைவரே" என்றான் நாச்சிமுத்து.

"அப்பப் பார்த்துருவோம். யாரு வேணான்னா, ஊர்ல ஒருத்தரை விடப்படாது. விட்டா நாளைக்கு என்னையக் கூப்பிடலைன்னு சண்டைக்கு வருவாங்க" என்றார் மாராத்தாள்.

மைக்கில் சொன்னார்கள். தங்கவேலு திருப்புளியால் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தான். ஊரே வரிசையில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. எட்டாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக் காட்டினார்கள். இருநூற்றுப் பதினேழு பேர் பார்த்த பிறகு மாராத்தாள் கடைசியாகக் குனிந்து பார்த்தார்.

"ஒளிவுமறைவு ஒண்ணுமில்லீங்க" என்று சபைக்குச் சொன்னார். "பூராம் தூசிதான். ஒரு பல்லி முட்டை வெச்சிருக்குது. நல்ல பொருள்தான்."

பல்லி முட்டைக்குப் பாதகமில்லாமல் மூடியை மறுபடி மாட்டினார்கள்.

அடுத்து, கெட்டாலும் பரவாயில்லை என்கிற கம்ப்யூட்டர் எது என்று கேள்வி வந்தது. ஆறு இடத்துக்காரர்களும் எங்களுது நல்லா ஓடுது, அதைத் தொடாதீங்க என்றார்கள். நாச்சிமுத்துவுக்குத்தான் யோசனை உதித்தது. போன வருஷம் இடி விழுந்து கரிந்துபோன கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தது. அதைவிடக் கெடுவதற்கு அதனிடம் எதுவும் பாக்கியில்லை. இறக்கி, துடைத்து, ஒயரை மாட்டிவிட்டு, பெரிய கம்ப்யூட்டரில் பொத்தானைத் தட்டினார்கள்.

'அந்தக் கணினி பதில் சொல்லவில்லை' என்று திரையில் வந்தது.

"பதில் சொல்லலைங்கறானே" என்று நாச்சிமுத்து பயந்தான்.

"அதுக்கென்னப்பா? பொண்ணு பார்க்கப் போனப்ப எம் பொண்டாட்டி கூடத்தான் பதில் சொல்லல. கல்யாணம் நடக்கலையா?" என்றார் குப்பண்ணன்.

ஒரு நாள் முழுக்கப் பொறுத்தார்கள். தங்கவேலு பக்கத்திலேயே நின்று காவல் காத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு பேருமாகச் சுற்றி நின்று பார்த்தார்கள். கரிந்த கம்ப்யூட்டர் கரிந்தபடியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. 'சோதனை முழு வெற்றி' என்று நாச்சிமுத்து எழுத, குப்பண்ணன் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் இருந்தது நேரம் குறிக்கிற வேலை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம் என்றால் எல்லாரையும் கேட்டால்தானே தெரியும்? வெள்ளிக்கிழமை முழுக்க ஊர்க்காரர்கள் வந்து அவரவர் இடைஞ்சலைச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் பால் ஊற்றுகிற நேரம் ஆகாது. அப்புறம் பிள்ளைகளுக்குக் குளிக்க வார்க்கிற நேரம். ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். பத்தரைக்குக் குழம்பு கொதிக்கும், யாரும் நகர முடியாது. பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒன்றுக்குப் பாத்திரம். ஒன்றரையிலிருந்து மூன்று எமகண்டம். மூன்றுக்கு டீ. மூன்றே காலுக்கு மேல் ஆறு நிமிஷம் போனால் சந்தை பஸ் வரும், அது ஆரன் அடித்தால் மாராத்தாளின் எருமை மிரளும். எருமை மிரண்டால் ஊரே மிரளும். அதற்குப் பிறகு சாயங்காலப் பால்.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மூன்று பத்திலிருந்து மூன்று இருபத்தொன்று வரைக்கும் பதினோரு நிமிஷம் சுத்தமாக மிஞ்சியது. நாச்சிமுத்து அதை அந்தப் பக்கத்தில் குறித்தான். பிறகுதான் கணக்குப் போட்டான். ஆறு கம்ப்யூட்டருக்கு நாற்பது நாற்பது நிமிஷம் என்றால் இருநூற்று நாற்பது நிமிஷம். அவன் வயிறு இப்போதே பொருமத் தொடங்கியது.

"ஏனப்பா இப்படி வெளிறிப்போறே?" என்றார் மாராத்தாள். "எங்காட்டுல களை எடுக்க ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு நாள் ஆகும். இருபத்திரண்டு பேரை விட்டா அன்னைக்கே முடிஞ்சிரும். இதுவும் வேலைதானே?"

நாச்சிமுத்து இருநூற்று நாற்பதைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்தான். இருபத்திரண்டு ஆள் போதும் என்று வந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை அறிவு ஊரில் இருக்க, ஒன்றியத்துக்காரர்கள் நாற்பது நிமிஷம் என்று பயமுறுத்திவிட்டார்களே!

சனிக்கிழமை மூன்று மணிக்கே இருபத்திரண்டு பேரும் கைகால் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். பொத்தானோ ஒரு கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. மூன்று பேர் விரல் வைத்ததும் இடம் நிறைந்துவிட்டது. மிச்சப்பேர் என்ன செய்வது? தாம்பூலத் தட்டைக் கொடுக்கும்போது கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டுக்கொள்வார்கள் அல்லவா? அதே மாதிரி ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போனது. இருபத்திரண்டாவது ஆளாக நின்ற தங்கவேலு ஒரு கையால் தோளைத் தொட்டு, ஒரு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று ஒன்பதுக்குக் குப்பண்ணன் போனைக் காதில் வைத்து ஒரு நிமிஷம் பேசினார். எதிர்முனையில் ஆள் இல்லை. இருந்தாலும் சுகம் விசாரித்தார். சரியாக மூன்று பத்துக்கு, "அமுக்குங்கடா!" என்றார். அமுக்கினார்கள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. மூன்று பதினாறு ஆயிற்று. கோடு விரலளவுக்கு மேல் ஏறவில்லை.

"ஆள் வந்திருக்குது, வேலை ஏறலையே!" என்று கத்தினார் குப்பண்ணன். "எவனோ சும்மா நிக்கறான். டேய் தங்கவேலு, அமுக்கறயா இல்லையா?"

"அமுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்! இங்க முன்னால நிக்கற அண்ணன் தோளே வீங்கிப்போச்சுங்க!" என்று டீக்கடையிலிருந்து பதில் வந்தது.

மூன்று இருபது. நாச்சிமுத்துவின் கண்ணுக்கு முன்னால் எண்ணூறு லிட்டர் பாலும், கையில் டம்ளரோடு பூங்கோதையும் தெரிந்தார்கள்.

"மணி ஆகறதுதானே தொந்தரவு? அது ஆகாம இருந்தாத் தேவலை" என்றார் மாராத்தாள்.

கம்ப்யூட்டரில் நாச்சிமுத்துவுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான், மணியை மாற்றுவது. மூன்று இருபத்தொன்று ஆவதற்குள் அதை மூன்று பத்து ஆக்கிவிட்டான். பச்சைக் கோடு தன்பாட்டுக்கு ஊர்ந்தது. மறுபடி மூன்று இருபத்தொன்று வரப் பார்த்தது. மறுபடி மூன்று பத்து ஆக்கினான்.

சந்தை பஸ் வந்தது. எருமை மிரண்டது. "அவசரப்பட்டு வந்துட்டான்" என்று டிரைவரைத் திட்டினார்கள். சாயங்காலப் பாலோடு பெண்கள் வந்தார்கள். மூன்றே கால்தான் ஆகிறது என்று திரையைக் காட்டினான் நாச்சிமுத்து. அவர்களும் பார்த்துவிட்டு, நாம்தான் முந்திவிட்டோம் போல என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். சும்மா இருப்பானேன் என்று பிள்ளைகளுக்கு இன்னொரு தரம் மத்தியானச் சோறு போட்டுத் தூங்க வைத்தார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, "மழை வரும்போல" என்றார் குப்பண்ணன்.

இருபத்தொரு தடவை மணியைத் திருப்பியான பிறகு ஆறாவது கம்ப்யூட்டருக்கும் 'முடிந்தது' என்று வந்தது. ஒன்றியத்துப் பட்டியலில் தானாகவே பதிவாயிற்று: நெட்டக்காட்டுப்புதூர், ஆறும் புதுப்பிக்கப்பட்டன, சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்தொன்பது. கொஞ்ச நேரத்தில் இலக்கியாவே போன் செய்தாள்.

"மாவட்டத்துலயே நீங்கதாங்க முதல்ல முடிச்சிருக்கீங்க! ஒன்பதே நிமிஷத்துல எப்படிங்க?"

"ஆள் விட்டமுங்க, அம்மிணி" என்றான் நாச்சிமுத்து பெருமையாக.

லாரி நிச்சயம் என்று ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் நாச்சிமுத்து வயிறாரச் சாப்பிட்டான். அப்படியே போய் ஆபீசிலேயே படுத்துக்கொண்டான். மற்றவர்களும் உடன் படுத்தார்கள். பச்சைக் கோட்டை விட்டுப் பிரிய மனசில்லை.

விடிந்து ஆறு மணிக்குச் சரியாக லாரி வந்து ஆரன் அடித்தது. நாச்சிமுத்து பதறி எழுந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான். மணி இரண்டு ஒன்பது.

"ஏனப்பா, நடுராத்திரியில வந்து ஊரை எழுப்பறே?" என்றான் வெளியே வந்து.

"நடுராத்திரியா? விடிஞ்சு வெளிச்சம் வந்திருச்சுங்களே!" என்றான் டிரைவர். பால் குடத்தோடு நாலைந்து பெண்களும் அவனுக்குப் பின்னால் நின்றார்கள்.

குப்பண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிழக்கே பார்த்தார். பிறகு உள்ளே போய் மணியைப் பார்த்தார். மறுபடி கிழக்கே பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது. நேத்துத்தான் புதுப்பிச்சிருக்குது" என்றார் மெதுவாக. "சூரியனைப் புதுப்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சோ."

"பாவம், பழைய சரக்கு" என்றார் மாராத்தாள்.

"நாலு மணி நேரம் கழிச்சு வா, தம்பி. ஊர் எந்திரிக்கட்டும்" என்று நாச்சிமுத்து லாரியைப் பத்திரமாகப் பின்னால் எடுத்துத் திருப்பிவிட்டான். டிரைவருக்கு இன்னும் பதினான்கு ஊர் இருந்தது. அவன் திரும்பி வரவில்லை. பெண்கள் பால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, விடியட்டும் என்று வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பால் திரிந்தது. பூங்கோதை டம்ளரோடு புறப்பட்டுவிட்டாள் என்று செய்தி வந்தது.

நாச்சிமுத்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. 'ஏதேனும் பிழை கண்டீர்களா? எழுதுங்கள். உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து சரிசெய்வோம்.'

நால்வரும் கலந்து பேசி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்கள்: 'ஐயா, உங்கள் பொருள் நன்றாக வேலை செய்கிறது. சூரியனில்தான் பிழை. ராத்திரி இரண்டு மணிக்கே உதிக்கிறது. இதனால் எங்கள் பால் லாரி போய்விட்டது. தயவுசெய்து உடனே ஓட்டையை அடைத்து அனுப்பவும்.'

அரைமணி நேரத்தில், உலகத்தின் வடக்கு ஓரத்தில் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஓர் ஊர்ப் பால் சங்கத்திலிருந்து பதில் வந்தது.

'எங்கள் ஊரிலும் இதே பிழைதான். இரண்டு மாதமாகச் சூரியன் மறையவே இல்லை. நீங்கள் எத்தனை ஆள் விட்டீர்கள்?'