உடும்பின் குழியில் ஒரு புளியங்கொட்டை

அல்லிக்குளத்துக் காட்டில் வேலாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குப் பதினொரு பேர் மேல் கோபம்.

ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு. மயில் மேல் கோபம், 'நடக்கிற விளக்குமாறு' என்று சொல்லிச் சிரித்ததற்காக. காட்டுப்பன்றி மேல் கோபம், சேர்த்து வைத்த கிழங்கைத் தின்று தீர்த்ததற்காக. யானை மேல் கோபம், கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போனதற்காக. இன்னும் ஏழு பேர் மேல் சில்லறைக் கோபங்கள். பதினொன்றாவதுதான் பெரிய கோபம். அது கருத்தான் என்ற உடும்பு மேல்.

கருத்தானும் வேலாண்டியும் ஒரு காலத்தில் ஒன்றாகத் திரிந்தவை. "மச்சான்", "மாப்ளே" என்றுதான் பேச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பெருவெள்ளம் வந்தது. மேட்டிலிருந்து உருண்டு வந்த கல், வேலாண்டியின் மனைவி பூவாத்தாளின் பின்னங்கால் மேல் விழுந்து நசுக்கியது. வேலாண்டி கருத்தானின் புற்றுக்கு ஓடியது.

"மாப்ளே! வெளியே வாடா! கல்லைப் புரட்டணும்!"

ஏழு தடவை கூப்பிட்டது. புற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

கடைசியில் வேலாண்டி தனியாகவே கல்லைப் புரட்டியது. பூவாத்தாள் பிழைத்துக்கொண்டது. ஆனால் கால் கோணிப்போனது.

அதற்குப் பிறகு கருத்தான் மூன்று முறை பேச வந்தது. மூன்று முறையும் வேலாண்டி முள்ளைச் சிலுப்பிக்கொண்டு முதுகைக் காட்டியது. நாலாவது முறை கருத்தான் வரவில்லை. வெள்ளத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் வேலாண்டி எழுந்து போய்விடும். பூவாத்தாளே எடுத்தாலும் போய்விடும்.

வேலாண்டியின் வளை குளத்திலிருந்து வெகு தூரம். கோணல் காலை இழுத்துக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வர பூவாத்தாளுக்கு அரை நாள் ஆகும். அதனால் தினமும் வேலாண்டியே போய், அல்லித் தண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து வாயில் கவ்விக்கொண்டு வரும். பாதி ஈரம் வழியிலேயே காய்ந்துவிடும். மீதியைப் பூவாத்தாள் மென்று சாறு குடிக்கும்.

"போதுமா?" என்று வேலாண்டி கேட்கும்.

"போதும் போதும். வயிறு நிறைஞ்சு போச்சு" என்று பூவாத்தாள் சொல்லும். அது பொய் என்று இரண்டுக்கும் தெரியும்.

அந்தக் கோடை மிகவும் கடுமையாக இருந்தது. அப்போதுதான் குளக்கரையில் காவல் இருந்த நீர்நாய், மகள் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று ஆற்றுப் பக்கம் போய்விட்டது. கரைக்காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. காவலுக்கு வருபவருக்கு மருத மரத்தடியில் நல்ல வளை கிடைக்கும். அங்கிருந்து தண்ணீர் பத்தே எட்டுத் தூரம்தான்!

குளத்துக்குப் பெரியவளான ஆமை ஓட்டாயி வந்து அறிவித்தது.

"பௌர்ணமியன்று காலையில தேர்வு. இந்தக் குளத்தோட வரலாற்றிலிருந்து பத்துக் கேள்வி. கரை எப்போ உடைஞ்சுது, யார் அடைச்சாங்கன்னு தெரியாதவன் கரையைக் காக்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் நான் நாலு பேர் சொல்வேன். உங்க முன்னால நாலு குழி இருக்கும். சரியான பேரோட குழியில புளியங்கொட்டையைப் போடணும். அவ்வளவுதான்!"

 வேலாண்டி எந்த மரத்தடியிலும் உட்கார்ந்து படித்ததில்லை.

மறுநாளே சிங்காரம் என்ற நரி பாறை நிழலில் வகுப்பு தொடங்கிவிட்டது. குரங்கும் முயலும் முன்வரிசையில் உட்கார்ந்தன. வேலாண்டி நாலு கிழங்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க!" என்றது நரி. "விடை தெரியலையா? மூணாவது குழி! கேள்வி கேக்கிறவங்க விடையை எப்பவும் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஒளிச்சு வைப்பாங்க. நாலு பேர்ல யானை இருக்கா? கண்ணை மூடிட்டு யானை! பெரிய காரியம்னா பெரிய ஆளுதான் செஞ்சிருப்பான்!"

"அப்படின்னா நடந்தது என்னன்னு எப்போ படிக்கிறது?" என்று கேட்டது வேலாண்டி.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "வேலாண்டி அண்ணே! நடந்ததைப் படிச்சா நடந்தது தெரியும். தேர்வுல தேறணும்னா குழி தெரியணும்! நானும்தான் எழுதப்போறேன். என்னைப் பார்த்துக் கத்துக்கங்க!"

வேலாண்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியது.

"எனக்கு ஒண்ணும் ஏறல பூவாத்தா. எந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

பூவாத்தாள் கொஞ்ச நேரம் யோசித்தது. "சரி, அது கிடக்கட்டும். மயில் உங்களை விளக்குமாறுன்னு சொன்னது எப்போ?"

"பெருவறட்சி வருஷம்! இலந்தை பூக்காத மாசம்! குளம் வத்தி நடுவுல ஊத்துத் தோண்டின அன்னைக்கு! நான் அந்தப் பக்கம் போறேன், மயில் மரத்து மேல நின்னு சொல்லுது, குரங்கு கைதட்டிச் சிரிக்குது!"

"அன்னைக்கு ஊத்துத் தோண்டினது மயிலா?"

"அதெங்கே தோண்டுச்சு? அதுதான் மரத்து மேல நின்னுச்சே!"

"குரங்கா?"

"அதுக்குக் கைதட்டவே நேரம் போதல!"

"நீர்நாயா? யானையா?"

"யானை அந்த வருஷமே மலை ஏறிப் போயிருச்சு. போகும்போது என் வளை வாசலை மிதிச்சிட்டுப் போச்சு. அப்போ..." வேலாண்டி நிமிர்ந்தது. "அப்போ நீர்நாய்தான்!"

"பார்த்தீங்களா!" பூவாத்தாள் சிரித்தது. "வரலாறு உங்களுக்குத் தெரியாதுன்னு யார் சொன்னது? யார் யார் எந்த நாள் எங்கே நின்னாங்கன்னு இந்தக் காட்டுல உங்களை மாதிரி ஞாபகம் வச்சிருக்கிறவங்க யாரும் இல்ல. நாலு பேர் சொன்னா, அங்கே இல்லாத மூணு பேரோட பேரை மனசுல கோடு போட்டு அடிச்சிடுங்க. மிச்சம் நிக்கிறதுதான் விடை."

பௌர்ணமி வந்தது. விடியும் முன்பே கிளம்பிய பூவாத்தாள், நொண்டி நொண்டி வந்து குளக்கரையில் உட்கார்ந்திருந்தது. கோணல் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அந்த முகத்தில் இருந்த நிம்மதியை வேலாண்டி பார்த்தது. இந்தத் தண்ணீர் தினமும் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.

கேள்விகள் தொடங்கின.

வேலாண்டி ஒவ்வொரு கேள்விக்கும் தன் கோபங்களைப் புரட்டிப் பார்த்தது. 'மடையைத் திறந்துவிட்டது கழுதைப்புலியா? இல்லை, அன்று அது என்னை வழிமறித்து வம்பிழுத்தது. அடி! முயலா? என் வணக்கத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி அக்கரையில் நின்றது. அடி!' இப்படி அடித்து அடித்துக் கொட்டையைப் போட்டது.

நரியும் குரங்கும் முயலும் மூன்றாம் குழியிலேயே போட்டுக்கொண்டிருந்தன. யானை பெயர் வந்தால் மட்டும் யானைக் குழி. நரிக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, கொஞ்சம் பக்கத்துக் குழியைப் பார்க்கும் கண்ணும் இருந்தது. ஒன்பது கேள்வி முடிந்தபோது வேலாண்டிக்கு ஏழு சரி. நரிக்கும் ஏழு சரி. குரங்கும் முயலும் மூன்றோடு நின்றன.

ஓட்டாயி தொண்டையைச் செருமியது.

"கடைசிக் கேள்வி. எட்டு வருஷத்துக்கு முன்னால பெருவெள்ளத்துல கரை உடைஞ்சுது. அந்த உடைப்பை அடைச்சுக் குளத்தைக் காப்பாத்தினது யார்? முதல் குழி, யானை. ரெண்டாவது, காட்டுப்பன்றி. மூணாவது, மயில். நாலாவது, உடும்பு."

"யானை!" என்று கத்திக்கொண்டே நரி கொட்டையைப் போட்டது.

வேலாண்டிக்கு உடம்பெல்லாம் முள் நட்டுக்கொண்டது. வேறெந்த நாளாக இருந்தாலும் எழுந்து போயிருக்கும். ஆனால் கரையில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தது.

'சரி. யானை. அன்று காலையில் முதலில் யானையைத்தான் கூப்பிட்டேன். அது மேட்டுப் பக்கம் ஓடியது, திரும்பிப் பார்க்கவில்லை. அடி! காட்டுப்பன்றி. ஊரே தண்ணீரில் தத்தளிக்க, அது வெள்ளத்தில் மிதந்து வந்த என் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. அடி! மயில். மரத்து உச்சியில் நின்று கத்தியது, இறங்கவில்லை. அடி!'

மூன்றும் போயிற்று. மிச்சம் உடும்பு.

'அவனா? இருக்காது! அவன் புற்றுக்குள் அல்லவா படுத்துக் கிடந்தான்!'

வேலாண்டியின் கால் தானாக மயில் குழிப் பக்கம் போனது. உடும்பின் குழியைத் தவிர எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று மனசு சொன்னது. கொட்டை குழிக்கு மேலே வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

'படுத்துக் கிடந்தானா? நான் பார்த்தேனா?'

பார்க்கவில்லை. ஏழு தடவை கூப்பிட்டது உண்மை. பதில் வராததும் உண்மை. உள்ளே இருந்துகொண்டே பேசவில்லை என்பது மட்டும் வேலாண்டி தானாகச் சேர்த்துக்கொண்டது. எட்டு வருஷமாக அதையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் எங்கே நின்றார்கள் என்று அதற்குத் தெரியும். கருத்தான் எங்கே நின்றது என்று மட்டும் தெரியாது!

வெள்ளம் வடிந்த பிறகு கருத்தானின் முன்காலில் இரண்டு நகங்கள் இல்லாமல் இருந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. 'நல்லா வேணும்' என்று அன்று நினைத்ததும் ஞாபகம் வந்தது.

வேலாண்டி காலை நகர்த்தியது. நாலாவது குழியில் கொட்டை விழுந்தது.

"உடும்பு! சரி!" என்றது ஓட்டாயி. "கரைக்காவல் வேலாண்டிக்கு!"

"அதெப்படி?" நரி குதித்தது. "யானை இருக்கும்போது உடும்பு எப்படி வரும்? அதுவும் நாலாவது குழியில!"

"நடந்தது நடந்தபடி நடந்துச்சு, சிங்காரம். குழியைப் பார்த்து நடக்கல" என்றது ஓட்டாயி. "மருத வேரைப் பின்காலால இறுகப் பிடிச்சுக்கிட்டு, தாழம்புதரை முன்காலால உடைப்புல அழுத்திக்கிட்டு, காலையிலிருந்து உச்சிவெயில் வரைக்கும் அந்த உடும்பு அப்படியே கிடந்துச்சு. உடும்புப் பிடின்னா அதுதான் பிடி!"

வேலாண்டி பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தது. "உனக்கு இது தெரியுமா?"

"எட்டு வருஷமா சொல்லத்தான் பார்க்கிறேன்" என்றது பூவாத்தாள். "நீங்கதான் வெள்ளம்னாலே எழுந்து போயிடுறீங்களே. போங்க, போய்ப் பேசுங்க."

கருத்தான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் கிடந்தது. வேலாண்டி முள்ளையெல்லாம் படியவிட்டுக்கொண்டு பக்கத்தில் போனது. 

"அன்னைக்கு உன் புத்து வாசல்ல ஏழு தடவை கூப்பிட்டேன்" என்றது.

கருத்தான் தலையைத் தூக்கியது. "என் வாசல்லயா? எதுக்கு?"

"பூவாத்தா கால்ல கல்லு விழுந்துச்சு. புரட்ட ஆள் இல்ல."

கருத்தான் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. 

"நானும் அந்த நேரம் உன்னைத்தான் மச்சான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். உடைப்புல ஒரு கல்லை உருட்டிவிட ஆள் இல்ல. தண்ணிச் சத்தத்துல உனக்குக் கேக்கலையோ, இல்ல கேட்டும் வரலையோன்னு நினைச்சேன். அதைக் கேக்கத்தான் மூணு தடவை வந்தேன். நீ முதுகைக் காட்டினதும், 'சரி, கேட்டும்தான் வரல போல'ன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஏன்டா மாப்ளே, நானா வராம இருப்பேன்?"

"ஏன் மச்சான், நானா வராம இருப்பேன்?"

 கருத்தான் நகமில்லாத அந்தக் காலை எடுத்து வேலாண்டியின் முதுகில் வைத்தது.

"ஆ! குத்துதுடா! எட்டு வருஷத்துல முள்ளு நல்லா வளர்ந்திருக்கு!"

"தீனி போட்டு வளர்த்தேன்ல!" என்றது வேலாண்டி. சிரிக்க முயன்றது, கண்ணில் நீர் வந்துவிட்டது.

மருத மரத்தடி வளைக்கு இரண்டு வாசல் இருந்தது. ஒன்றில் வேலாண்டியும் பூவாத்தாளும் குடியேறின. இன்னொன்றில் கருத்தான். கரை கசிந்தால் பிடிக்க ஒரு ஆள், எங்கே எப்போது கசிந்தது என்று மறக்காமலிருக்க ஒரு ஆள். பூவாத்தாள் தினமும் தானே பத்து எட்டு நடந்து போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

வேலாண்டிக்கு இப்போது பத்துப் பேர் மேல்தான் கோபம். மயிலை இன்னும் மன்னிக்கவில்லை.

உண்மையைத் தேடும்போது நமக்குப் பிடிக்காதவர் பெயரையும் கோபத்தில் அடித்துவிடாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சரியான விடை சில சமயம் அங்கேதான் இருக்கும்.