கடைந்தெடுத்த தீ

சீராளன் லாரி ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயதில் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு வெண்ணாவல் மலைக்கு ஏறி வந்தார். அங்கே ஓடைக்கு மேலே ஒரு குடிலில் திருமேனி அம்மை என்ற துறவி இருந்தார். அம்மைக்கு வயது நாற்பத்தொன்றுதான்.

"எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கு நன்றி சொல்லணும், அம்மா. எப்படின்னு தெரியல."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலைப்பாதை வளைவில் சீராளனின் லாரி பள்ளத்தில் உருண்டது. அந்த வழியாகப் போன ஒருவர் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தார். முதுகில் சுமந்து சாலைக்கு ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தார். மறுநாள் சீராளன் கண் திறந்த பிறகுதான் கிளம்பிப் போனார். யாக்கோபு என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

லோடு ஏற்றிப்போன ஊரிலெல்லாம் சீராளன் விசாரித்தார். போன வருடம்தான் வீடு கிடைத்தது. வேட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போனார். சுவரில் யாக்கோபின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அவர் வீட்டம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. இப்படி ஒரு விஷயத்தை அவர் வீட்டுல பேசினதே இல்லையாம். பழத்தை வச்சுட்டு வந்துட்டேன். அன்னையிலேர்ந்து சோறு இறங்கல. இனிமே நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அம்மை ஒரு குடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இங்கேயே இருங்க" என்றார்.

சீராளன் இருந்தார். தண்ணீர் சுமந்தார், கீரைப் பாத்தியில் களை எடுத்தார். இடையில் இரண்டு முறை அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்தான் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கூரையின் ஒரு பக்கம் சரிந்து அடுப்பில் தண்ணீர் கொட்டியது. தீப்பெட்டி வைத்திருந்த மாடமும் நனைந்துவிட்டது. குச்சியை உரசினால் மருந்து கூழாக ஒட்டியது. இருவரும் அவலை ஊறவைத்துத் தின்றார்கள்.

அன்று மதியம் வாசலில் ஆள் அரவம் கேட்டது. ஓடைக்கு அக்கரையிலுள்ள மேலூர் மாதனும் அவன் மனைவி பொன்னியும் நின்றார்கள். பொன்னியின் மார்பில், பிறந்து ஆறு நாளான குழந்தை. அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள், ஓடை பெருகிவிட்டதால் கடக்க முடியாமல் இங்கே ஏறி வந்திருந்தார்கள். மூவர் மேலும் ஒரு நூல்கூடக் காய்ந்ததாக இல்லை.

"அழ மாட்டேங்குது" என்றாள் பொன்னி. "ரொம்ப நேரமா அழுகையே இல்ல."

சீராளன் குழந்தையின் பாதத்தைத் தொட்டார். ஓடைக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

அம்மை பரணிலிருந்து ஒரு பலகையையும் நீளமான கோல் ஒன்றையும் எடுத்துக் கீழே வைத்தார். பலகையின் ஓரத்தில் கரிந்த குழி ஒன்று இருந்தது.

"இதுல கடைஞ்சா தீ வரும். கோல்ல கயித்தைச் சுத்தி, தயிர் கடையற மாதிரி இழுக்கணும். கோல் தலையில சிரட்டையைக் கவிழ்த்து மாதன் அழுத்திக்கட்டும். நீங்க இழுங்க."

"எனக்குப் பழக்கமில்லையே, அம்மா. நீங்களே செஞ்சா..."

"எனக்கு உள்ள வேலை இருக்கு."

பொன்னியை உள்ளே அழைத்துப் போய் ஈரத்துணியைக் களைந்தார். குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைத்து, இருவரையும் தன் கம்பளியால் சுற்றினார். போர்த்திக்கொள்ள அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது. பொன்னியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவளுடைய உடம்பே நடுங்கிக்கொண்டிருந்தது.

சீராளன் இழுத்தார். கோல் குழியை விட்டுத் துள்ளி விழுந்தது. திரும்ப வைத்து இழுத்தார். தோள் கடுத்தது. வெகுநேரம் கழித்து குழியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அவர் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். புகை அடங்கிவிட்டது.

"புகை வந்ததும் நிறுத்தாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுக்கப்புறம்தான் வேகமா இழுக்கணும்."

இரண்டாம் முறை குழியோரத்தில் கறுப்புத் தூள் குவிந்து, அதற்குள் கடுகளவு சிவப்பு தெரிந்தது. ஆவலில் பலமாக ஊதினார். தூள் சிதறி அணைந்தது. மாதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அம்மை வெளியே வந்தார். தன் தலையணையைக் கிழித்து ஒரு பிடி இலவம்பஞ்சை எடுத்து, தேங்காய் நாரோடு சேர்த்துக் கூடு மாதிரி சுருட்டி சீராளனிடம் கொடுத்தார்.

"இதுக்குள்ள கொட்டிட்டு மெதுவா ஊதுங்க. தூங்கற பிள்ளை மேல மூச்சு படற மாதிரி."

"விறகெல்லாம் ஈரமா இருக்கே, அம்மா."

அம்மை, தான் தியானத்துக்கு உட்காரும் பலா மணையைக் கொண்டுவந்து போட்டார். "இதைப் பிளந்துக்குங்க."

"இது நீங்க உட்கார்ற மணை."

"இன்னைக்கு உட்கார நேரமில்ல."

மாதன் மணையைப் பிளந்தான். திரும்பக் கடைந்தார்கள். சீராளனின் உள்ளங்கையில் தோல் உரிந்து கயிறு சிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை. புகை வந்தது, அடர்ந்தது, அவர் நிறுத்தவில்லை. தூளில் கங்கு கண் திறந்தபோது, அதை நாருக்குள் இறக்கி, இரு கையிலும் ஏந்தி ஊதினார். பஞ்சு சிவந்தது. பிறகு நாரும் சிவந்து, குப்பென்று பிடித்துக்கொண்டது.

பலா சிம்புகள் மஞ்சளாக எரிந்தன. பொன்னி குழந்தையோடு வந்து தீயருகே உட்கார்ந்தாள். சீராளன் துணியை அனலில் காட்டிச் சூடாக்கிச் சூடாக்கிக் கொடுத்தார். பொன்னி அதைக் குழந்தையின் மேல் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு அழுதது. நல்ல கோபமான அழுகை. பொன்னியும் அழுதாள். மாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை மழை விட்டது. வெள்ளம் வடிந்ததும் மேலூர்க்காரர்கள் அக்கரையிலிருந்து குரல் கொடுத்தார்கள். மாதனும் பொன்னியும் அவசரமாக இறங்கிப் போனார்கள்.

சீராளன் கையில் மஞ்சள் பூசி விட்டுக்கொண்டே அம்மை கேட்டார்.

"போகும்போது அவங்க உங்களுக்கு நன்றி சொன்னாங்களா?"

சீராளன் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையே, அம்மா. சொல்லியிருப்பாங்க. நான் கவனிக்கல. பிள்ளையோட பாதம் நல்லாச் செவந்திருந்துச்சு. அதையேதான் பார்த்துட்டு நின்னேன்."

"மனசுல குறை ஏதும் இருக்கா?"

"குறையா? எனக்கு என்ன குறை? வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு."

அம்மை துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அன்னைக்கு யாக்கோபும் அப்படித்தான் வீட்டுக்குப் போயிருப்பார்."