எள்ளும் கொள்ளும் பிரிஞ்ச கதை

ஒரு முட்டியில ஒரு ஊரு இருந்துச்சு. சிரிக்காத அல்லி, உன் முட்டிதான். அத்தை இப்பதானே மருந்து போட்டுக் கட்டு கட்டினேன்? அதைச் சொறியாம கையை இங்க குடு. ம், அப்படி.

அந்த ஊர்ல பொடிப்பொடியா வீடுங்க. கண்ணுக்கே தெரியாது. நீ சைக்கிள்ல இருந்து தொபுக்கடீர்னு விழுந்தியா, பாதி வீடு போச்சு. ஓட்டை விழுந்த இடத்தை அடைக்க புது வீடு வேணும். கொத்தனாரா வருவாரு? இருக்கிற வீடேதான் ஒண்ணு ரெண்டா ஆகணும்.

"ம்."

அப்போ, ஓரத்துல இருந்த ஒரு வீடு, "சரி, நான் ஆகுறேன்"னு கிளம்பிச்சு. அந்த வீட்டுக்குள்ள எல்லாமே இரட்டைப் பொண்ணுங்க. அச்சு அசலா ஒரே மாதிரி. ஒவ்வொரு ஜோடியையும் இடுப்போட இடுப்பா சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். வீடு ரெண்டாகும்போது ஒருத்தி கிழக்க போகணும், ஒருத்தி மேற்க போகணும். இருக்கிறதுலயே சின்ன ஜோடி எள்ளு, கொள்ளு. அந்த வீட்டு அடுப்பை ஏத்தவும் அணைக்கவும் அதுங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம், கிழக்கு மூலையில இருந்தும் மேற்கு மூலையில இருந்தும் சர் சர்ருனு கயிறுங்க வந்துச்சு. கயித்துக்குக் கண்ணு கிடையாது. துழாவித் துழாவி வரும். கயிறு கைக்குக் கிடைக்காத பொண்ணு, "இரு! இரு!"னு கத்தணும். ஒரே ஒரு "இரு" கேட்டாலும் போதும், கத்திரிக்காரி கையைக் கட்டினது கட்டினபடிதான் இருக்கும். அவதான் பட்டையை வெட்டுறவ; எல்லாரும் கயித்தைப் புடிக்கிற வரைக்கும் அவ கையைக் கட்டி வச்சிருப்பாங்க.

எள்ளுக்கு மட்டும் கிழக்குக் கயிறு கிடைச்சுது. கொள்ளுக்கு ஒண்ணும் வரல. "இரு! இரு!"

மத்த பொண்ணுங்க எல்லாம் கயித்தைப் புடிச்சு வரிசையா நின்னாச்சு. "ஏய், உங்களால எல்லாருக்கும் லேட்டு"னு ஒரே சத்தம். நீ ஸ்கூல் வேனை நிறுத்தி வைப்பியே, அந்த மாதிரி.

"ம்... நான் ஒண்ணும் இல்ல."

சரி, நீ இல்ல. அப்போ மேற்குக் கயிறு தவழ்ந்து தவழ்ந்து கொள்ளுக்கிட்ட வந்துச்சு. கொள்ளு அதைப் பார்த்தா. புடிச்சா மேற்க போகணும். எள்ளு கிழக்க. அப்புறம் பார்க்கவே முடியாது. கையை இழுத்துக்கிட்டா. கிழக்க இருந்து வந்த இன்னொரு கயித்தைப் புடிச்சிட்டா, கள்ளி!

இப்போ "இரு" சத்தமே இல்ல. எல்லாருக்கும் சந்தோஷம். கத்திரிக்காரி கைக்கட்டை அவுக்கப் போனாங்க.

ஆனா அங்க சுண்டியம்மானு ஒருத்தி. யார் சொன்னாலும் நம்ப மாட்டா. கயித்தைத் தானே சுண்டிப் பார்ப்பா. ரெண்டு பக்கமும் இழுத்தா "டங்"னு நிக்கும். சுண்டிக்கிட்டே வந்தா. டங். டங். டங். எள்ளு கொள்ளுக்கிட்ட வந்தா, தொள தொள தொள.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமாடி?"

"நாங்க சேர்ந்தே போறோம்மா. எங்களைப் பிரிக்காதீங்க."

"போயிட்டா? மேற்கு வீட்டு அடுப்பை யாரு ஏத்துவா? கிழக்கு வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஏத்தினா வீடே பத்திக்காதா?"

சுண்டியம்மா கொள்ளு கையில இருந்த கயித்தை நறுக்குனு வெட்டிட்டா. கோவக்காரிதான், ஆனா கெட்டவ இல்ல. வெட்டிட்டு அந்தப் புள்ளை கன்னத்தைத் தொடச்சு விட்டா.

"பாவம் அத்தை, கொள்ளு."

பாவம்தான். எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கேளு. கொள்ளு திரும்பவும் "இரு"னு கத்தினா, மெதுவா. வீடு மொத்தமும் அவளுக்காக நின்னுச்சு. ஒருத்தர்கூட முணுமுணுக்கல. மேற்குக் கயிறு மறுபடி துழாவிக்கிட்டு வந்துச்சு. கொள்ளு கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, புடிச்சிட்டா.

ரெண்டு பக்கமும் இழுத்துச்சு பாரு! பட்டை விறைச்சுது. அப்பத்தான் கொள்ளுக்குத் தெரிஞ்சுது, இழுக்க இழுக்க எள்ளு அவளை எவ்ளோ கெட்டியா புடிச்சிருக்கானு. தொளதொளனு இருந்தப்போ அது தெரியவே இல்ல.

டங்!

இப்போ நிஜமாவே ஒரு "இரு" கூட இல்ல. கத்திரிக்காரி கைக்கட்டு அவுந்துது. சடக்! எல்லாப் பட்டையும் ஒரே நேரத்துல விட்டுச்சு. பாதிப் பேர் கிழக்க, பாதிப் பேர் மேற்க, சறுக்கு மரத்துல போற மாதிரி சர்ர்ர்னு போயிட்டாங்க. அப்புறம் வீடு நடுவுல இடுப்பு மாதிரி சுருங்கிச்சு, சுருங்கிச்சு, பொளக். ரெண்டு வீடு. ஒருத்தியும் கூட இல்ல, ஒருத்தியும் குறையல.

"ம்..."

கொள்ளு புது வீட்ல கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் போய் அடுப்பை ஏத்தினா. வீடு கதகதனு ஆச்சு. நாளாக நாளாக அவ பக்கத்துலயே, அவளை மாதிரியே ஒருத்தி முளைச்சு வந்தா. மூக்கு, முழி எல்லாம் அதே. இடுப்புல பட்டையும் வந்துடுச்சு. புதுசு பயந்து போய், "என்னை விட்டுட மாட்டியே?"னு கேட்டுச்சு.

கொள்ளு அவளைக் கட்டிக்கிட்டு சொன்னா: "நல்லா கெட்டியா புடிச்சுக்கோ. கத்திரி சத்தம் கேட்டா மட்டும் விட்டுடு. போற வீட்லயும் ஒரு அடுப்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அவ்ளோதான், கதையும் படுத்துருச்சு. நீயும் படு, தங்கம்.