உப்பில்லாத பிடி

“இந்தப் புரதத்துக்கு அறிவே இல்லை சார்” என்றான் கனகசபை.

பேராசிரியர் அருமைநாதன் குடுவை கழுவிக்கொண்டிருந்தார்.

அவரைவிட வயதில் மூத்த மாணவன் இவன். ஊர் ஊராக மோட்டார் பம்பு விற்று, கடைக்காரர்களோடு மல்லுக்கட்டி, போதுமடா சாமி என்று படிக்க வந்தவன். கோபம் மூக்கின் மேலேயே இருக்கும்.

மறுநாள் ஆய்வுக் குழு கூடுகிறது. காட்ட ஒரு முடிவு இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மறுபடி பம்பு. மறுபடி பேரம்.

அவன் எடுத்துக்கொண்ட புரதம் பாக்டீரியாவுக்குள் காவல் வேலை பார்ப்பது. நீண்டு கிடக்கும் டிஎன்ஏ இழையில் அதற்கென்று ஒரே ஓர் இடம். அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு மரபணு வாயை மூடும்.

பல டிஎன்ஏ துண்டுகளைக் கலந்து வைத்து, தன் இடம் உள்ள துண்டை மட்டும் அது பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பிடித்தால், துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல் பலகையில் சுத்தமாக ஒரு கோடு விழும்.

இவனுக்கு விழுந்தது மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல். கண்ட துண்டிலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது புரதம்.

உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார் அருமைநாதன்.

போடவே இல்லை என்றான், பெருமையாக. உப்பு கூடினால் புரதத்தின் பிடி தளரும். அதுகூடத் தெரியாதா அவனுக்கு? பிடித்ததை விடக்கூடாது என்றுதான் உப்பைக் கிட்டவே சேர்க்கவில்லை. கையில் சிக்கிய முதல் வாடிக்கையாளனை அவன் விட்டதே கிடையாது.

அருமைநாதன் கையைத் துடைத்தார். துடைத்த துண்டைக் கைமேலேயே போட்டுக்கொண்டு நீட்டினார்.

அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைத் தொட்டுச் சொல்வார்கள்.

“உள்ளே கையை விடுங்க. ஒரு விலை சொல்றேன்.”

இருக்கிற இருப்பில் இது ஒரு விளையாட்டா என்று முணுமுணுத்தபடியே விட்டான். விட்ட வேகத்தில் அவர் விரல்களை மொத்தமாக இறுக்கினான்.

“என்ன விலை?”

“ஒண்ணும் தெரியலையே சார்.”

“இப்படி நசுக்கினா நான் எங்கேய்யா சொல்றது?”

கனகசபை பிடியைத் தளர்த்தினான்.

துண்டுக்கடியில் ஒரு விரல் வந்தது. தொட்டது, விட்டது, நகர்ந்தது. மறுபடி தொட்டது, விட்டது. ஓரிடத்தில் நின்று அழுத்தியது.

“தெரியுது” என்றான். குரல் இறங்கியிருந்தது. அப்புறம், தனக்கே சொல்வதுபோல, “டிஎன்ஏவும் மூடித்தான் கிடக்கு. புரதமும் அதைப் பிரிச்சுப் பார்க்கிறதில்லை, மேலே தடவியே படிக்குது” என்றான்.

அருமைநாதன் டீ குடிக்கப் போய்விட்டார்.

கனகசபை உப்பு பாட்டிலை எடுத்தான். உள்ளதும் கழன்று போகப்போகுது அண்ணே என்று பக்கத்து மேசை ஷர்மிளா எச்சரித்தாள். அவனுக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் அளந்து ஊற்றினான்.

சாயங்காலம் ஜெல்லை விளக்கடியில் வைத்தபோது தீற்றலைக் காணோம்.

ஒரே ஒரு கோடு.

படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினான். “விடலை சார். இத்தனை உப்பிலும் விடலை.”

அருமைநாதன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“எத்தனை இடத்தை விட்டுட்டு இங்கே வந்திருக்கு, பாருங்க.”